கால் ஆர்மோனியம் வாசித்தவர்கள்

காரைக்குடி இசை என்றதும் எல்லோருக்கும் வீணைதான் ஞாபகம் வரும். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் கிடத்தி வாசிப்பார். பக்கத்திலேயே அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் ஊர். 1952-ல் சாம்பசிவ ஐயருக்கும் ஐயங்காருக்கும் ஒரே ஆண்டில் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. இதெல்லாம் ஏட்டில் ஏறிவிட்டது. இதே ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கிறிஸ்தவ ஆலயத்துக்குள் இன்னொரு இசை இருந்தது. அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. என் ஏக்கமெல்லாம் அதன்மேல்தான்.

எங்கள் ஆலயத்தில் பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு கால் ஆர்மோனியம் இருந்தது. மேசை மாதிரி உயரம், தேக்குப் பலகை, கீழே இரண்டு மிதிகள். கால் மாற்றி மாற்றி மிதித்தால்தான் துருத்தியில் காற்று ஏறும். கைப்பெட்டியில் ஒரு கை துருத்திக்கே போய்விடும். இதில் இரண்டு கையும் கட்டைகளுக்கே. அதனால் ராகத்தோடு சேர்த்துப் பாஸ், டெனர் எல்லாம் ஒருவரே வாசிக்க முடியும். மழைக்காலத்தில் கட்டைகள் ஊறி இறுகிக்கொள்ளும், வெயில் காலத்தில் பித்தளை நாக்குகளில் செம்மண் தூசி அடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு ஐயா மூடியைக் கழற்றி, கோழி இறகால் ஒவ்வொரு நாக்காகத் தடவிச் சுத்தம் செய்வார். ஒரு ஸ்வரம் கம்மினாலும் விடமாட்டார்.

பாட்டு ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பிழைப்புக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. ஆலயத்தில் சம்பளம் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வேட்டி, சட்டை. ஆனால் பாடகர் குழுவில் யார் எந்தக் குரல், யாருக்கு எந்தக் கட்டையில் தொண்டை கட்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முன்வரிசைப் பாட்டிமார்களுக்கு எட்டாத சுருதியில் அவர் ஒரு பாட்டையும் எடுத்ததில்லை. "சபை பாடணும்ப்பா. நாம எடுத்துக் குடுக்கத்தான்" என்பார்.

அவர் ஒரு பெரிய வரிசையில் வந்தவர். 1706-ல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கியதற்குப் பின் ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் தமிழுக்கு வந்தன; அவற்றில் ஃபப்ரீசியஸ் மொழிபெயர்த்தவை நிறைய. தஞ்சையில் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக ராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனை கட்டினார். சிவகங்கை, மானாமதுரைப் பக்கமெல்லாம் ஊழியம் செய்த அமெரிக்கன் மதுரை மிஷனின் எட்வர்ட் வெப், 1853-ல் இத்தகைய கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். பிறகு தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் மேல்நாட்டு இசையையும் நம் இசையையும் ஒருசேரக் கற்று, 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். சென்னையில் ஹேண்டல் மானுவேல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். 1893-ல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் பாடகர் குழுவையும் நடத்தினார். கத்தோலிக்க ஆலயங்களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு லத்தீன் போய்த் தமிழ்ப் பூசை வந்தபோது, புதுப் பாட்டுகளைச் சபைக்குப் பழக்கிய பாரம் உபதேசியார்கள் தோளிலும் ஆர்மோனியக்காரர்கள் தோளிலும்தான் விழுந்தது. கமகம் வராது என்று வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்தது. ஆலயங்கள் அதைக் கைவிடவில்லை.

காரைக்குடிக்கென்று ஒரு விசேஷம் உண்டு. அழகப்பர் கல்லூரிகளும் 1948-ல் அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகமும் வந்த பிறகு, வாத்தியாராகவும் நர்ஸாகவும் ஆய்வகத்து ஊழியராகவும் பல சீமைக்காரர்கள் இங்கே குடியேறினார்கள். திருநெல்வேலிக்காரர் ஒரு கீர்த்தனையை ஒரு ராகத்தில் பாடுவார். தஞ்சாவூர்க்காரர் அதையே வேறு நடையில் இழுப்பார். சரணத்தில் இருவரும் முட்டிக்கொள்வார்கள். நெல்லையிலிருந்து வந்த ஒரு பாட்டி, ஆராதனை முடிந்ததும் வந்து நின்று, "ஐயா, ஒரு தடவ எங்க ஊரு ராகத்துல படிங்களேன்" என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்தக் கீர்த்தனையைப் பாட்டு ஐயா நெல்லை ராகத்தில் எடுத்தார். அடுத்த மாதம் தஞ்சாவூர் நடை. இப்படியே வருஷக்கணக்கில் பாடிப் பாடி, இரண்டும் கலந்து எங்கள் சபைக்கென்று ஒரு பாட்டு முறை உண்டானது. வேறெங்கும் அதை நான் கேட்டதில்லை.

கார்த்திகை பிறந்துவிட்டால் கேரல் ஒத்திகை. பாட்டின் டானிக் சோல்ஃபா ஸ்வரக் குறிப்பைக் கார்பன் தாளில் படியெடுத்து ஆளுக்கொன்று கொடுப்பார். முதலில் ஆல்ட்டோவை மட்டும் பாடச் சொல்வார், அப்புறம் பாஸை. நாலு குரலும் ஒன்றுசேரும் அந்த முதல் தடவை உடம்பு சிலிர்த்துவிடும். அந்தச் சிலிர்ப்பு பிறகு எந்தக் கச்சேரியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் எலெக்ட்ரானிக் கீபோர்டு. வாசிக்கிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் தாளம் பொத்தானில் ஓடுகிறது, சபை அதன் பின்னால் ஓடுகிறது. கால் ஆர்மோனியத்தில் அடி முடிந்ததும் ஐயா மிதியைத் தளர்த்துவார், எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்குவோம். பொத்தான் நம் மூச்சுக்காகக் காத்திருக்காது. மெல்லப் போகும் கீர்த்தனைகள் ஒவ்வொன்றாக வழக்கொழிந்து போகின்றன. நாலு குரலில் பாடத் தெரிந்தவர்களும் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள்.

எங்கள் ஆலயச் சுவரில் ஊழியம் செய்த ஐயர்மார் பெயரெல்லாம் வருஷத்தோடு பளிங்கில் பொறித்திருக்கிறது. மணி கொடுத்தவர், மின்விசிறி கொடுத்தவர் பெயர்கூட உண்டு. முப்பது வருஷத்துக்கும் மேலாக மிதித்து மிதித்துக் கால் வீங்கிய பாட்டு ஐயாவின் பெயர் எங்கும் இல்லை. அவருக்கு முன் வாசித்தவர் யார் என்று சொல்லவும் இன்று ஆள் இல்லை. நூறு வருஷத்து இசை இப்படித்தான் முகவரி இல்லாமல் போகிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சபையிலும் ஆர்மோனியமோ ஆர்கனோ வாசித்தவர்கள், பாடகர் குழுவை நடத்தியவர்கள் இருந்திருப்பார்கள். மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் பெயரையும் வாசித்த காலத்தையும் ஒரு நோட்டில் எழுதி ஆலயத்திலேயே வையுங்கள். உங்கள் ஊர் ராகத்தில் கீர்த்தனை பாடத் தெரிந்த பெரியவர்களைப் பாடச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.