செட்டிகுளத்துப் பட்டறையும் பத்து கிராம் விதையும்

பெரம்பலூரிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், ஆலத்தூர் கேட்டில் மேற்கே திரும்பினால் செட்டிகுளம். மலைமேல் கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணியைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். உள்ளூர்க்காரர்களின் பேச்செல்லாம் மலைக்குக் கீழே விளையும் சின்ன வெங்காயத்தைப் பற்றித்தான்.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வெங்காயப் பட்டறைகளைப் பார்க்கலாம். அடியில் ஈரம் ஏறாமல் தரையிலிருந்து உயர்த்தி, பக்கங்களில் காற்றுப் போகத் தட்டி அடைத்து, மேலே கூரை வேய்ந்திருப்பார்கள். உள்ளே இருப்பதில் ஒரு பங்கு சந்தைக்கு. இன்னொரு பங்கு அடுத்த நடவுக்கான விதை வெங்காயம். ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ வேண்டும். வீட்டில் பணமுடை வந்தால் விதைப் பங்கும் சந்தைக்குப் போய்விடும். பிறகு நடவு நேரத்தில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். வாங்கிய காயோடு அழுகல் நோயும் வயலுக்குள் வரலாம்.

அப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பது விதை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-5 ரகச் சின்ன வெங்காயத்தை விதை மூலமே வளர்க்கலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். அந்தக் கணக்கில், வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சென்ட்டுக்குப் பத்து கிராம்.

மூன்றடி அகலத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து, மக்கிய தொழுவுரம் கலந்து, விரல் அகல இடைவெளியில் கோடு கிழித்து மெல்லத் தூவ வேண்டும். மேலே பொடித்த எருவும் வைக்கோலும் மூடி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஏழிலிருந்து பத்து நாளில் முளை கொக்கி போல வளைந்து எழும். அன்றே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் நாற்று வெளுத்துச் சாயும். 40 முதல் 45 நாளில் பிடுங்கி, பாரின் இருபுறமும் அரை சாண் இடைவெளியில் நடலாம்.

காய் நடவு 70 நாளில் கைக்கு வரும். விதை நடவுக்கு நாற்றங்கால் நாட்களும் சேரும், பொறுமை வேண்டும். வெங்காய விதையின் முளைப்புத்திறன் ஓராண்டுக்குள்ளேயே சரிந்துவிடும். பழைய விதையானால் இருபதை ஈரத்துணியில் முடிந்து பார்த்துவிட்டு விதைப்பது நல்லது.

அந்த ஒரு சென்ட்டில் 40 கிலோ தேறினால், அடுத்த பட்டத்தில் ஆறு சென்ட் நடலாம். பட்டறை காலியான வீட்டுக்கு விதை வெங்காயம் மறுபடி சொந்தமாவது இப்படித்தான்.