சாமி இருக்கா இல்லையா: எங்கம்மாவின் வழக்கு

"சாமின்னு ஒண்ணு கெடையாதும்மா" என்று எங்கம்மாவிடம் நான் முதன்முதலாகச் சொன்னபோது அவள் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். 1995ஆம் வருசம். அந்த வருசம்தான் எங்க பக்கம் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் ஆனது. அந்த வருசம்தான் நானும் குன்னத்தில் பஸ் ஏறித் திருச்சிக்குக் கல்லூரிக்குப் போனேன். மூணு மாசம் படித்துவிட்டு வந்த திமிர். அம்மா நிமிரவே இல்லை.

"அப்ப எம்புள்ளய யாரு கொண்டுக்கிட்டுப் போனது?" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "இல்லேன்னா நான் யாருகிட்டடா சண்டை போடுறது?"

என் தங்கச்சி ஆறு வயசில் செத்துப்போனாள். மூணு நாள் காய்ச்சல். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. அம்மா எங்க தெரு மதுரைவீரனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். ஊர்க்கோயில் மாரியம்மனைத் தெருமுனையில் நின்றபடியே கும்பிட்டாள். அதற்கு மேல் போக முடியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். பஸ் வருவதற்குள் மடியிலேயே அடங்கிவிட்டது. அடுத்த மாசம் அதே மாரியம்மனுக்குத் திருவிழா. எங்கப்பா தப்படிக்கப் போனார். போகாமல் இருக்க முடியாது. வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டு, கோயிலுக்கு வெளியே அவருக்கென்று விட்ட இடத்தில் நின்று அடித்தார். அவர் அடித்தால்தான் சாமி இறங்கும். இறங்கின சாமியைக் கிட்டப்போய்ப் பார்க்க முடியாது. திருநீறு மேலேயிருந்து விழும். தேர் எங்க தெருவுக்கு வராது.

கல்லூரியில் தத்துவ வகுப்பு. பானை இருந்தால் செய்த குயவன் ஒருவன் இருக்க வேண்டும். உலகமும் பானையைப்போல உண்டாக்கப்பட்ட பொருள். ஆகவே அதையும் ஒருவன் செய்திருக்க வேண்டும். 10ஆம் நூற்றாண்டில் உதயணர் 'நியாய குசுமாஞ்சலி' எழுதிக் கடவுளை நிலைநாட்டிய வழிகளில் இது ஒன்று. நம்ம தமிழில் மெய்கண்டாரின் 'சிவஞான போத'மும் உலகம் தோன்றி அழிவதைக் காட்டித்தான் தொடங்குகிறது. கேட்கும்போது மறுக்க முடியாது போலிருக்கும். ஆனால் உதயணருக்கு முந்நூறு வருசம் முன்பே பௌத்தர் தர்மகீர்த்தி இதை உடைத்துவிட்டார். மண்ணால் ஆன உருவத்தைப் பார்த்தாலே குயவன் என்றால், புற்றையும் குயவன்தான் வனைந்தானா என்பது அவர் கேள்வி. விடுதி அறையில் இதைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். எங்க பக்கத்தில் புற்றுக்கே மஞ்சள் பூசிப் பால் ஊற்றுகிறார்கள்.

இன்னொரு வாதம் நேர்த்தியைக் காட்டுவது. இவ்வளவு அழகாக ஒரு சங்கு சுருண்டிருக்கிறதே, திட்டம் போட்டவன் இல்லாமலா என்பார்கள். இதற்குப் பதில் எங்க காட்டிலேயே கிடக்கிறது. காரை, குன்னம் பக்கத்து ஓடைகளில் மழை பெய்து ஓய்ந்தால் வளையம் வளையமாகச் சுருண்ட கற்கள் மேலே வரும். நாங்க நத்தைக்கல் என்போம். படித்தவர்கள் அம்மோனைட் என்கிறார்கள். சுமார் 10 கோடி வருசத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த பிராணி. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் கிடக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டு சொன்னது, 12 கோடி வருசம் பழையது என்கிறார்கள். அம்மோனைட் இனமே ஆறரைக் கோடி வருசத்துக்கு முன்னால் பூண்டோடு அழிந்துவிட்டது. இத்தனை நேர்த்தியாகச் செய்தவன் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் ஏன் அழித்தான்? மனுசனை மனசில் வைத்துத்தான் உலகத்தைப் படைத்தான் என்றால், மனுசன் வருவதற்கு முன்னால் இத்தனை கோடி வருசம் யாருக்காகக் கழிந்தது?

இதே கல்லை வேறொரு இடத்தில் பார்த்தேன். கூடப் படித்த பையன் ஒருவன், ஸ்ரீரங்கத்துக்காரன், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பூசை அறை வாசலில் நின்று பார்த்தேன். வெள்ளித் தட்டில் கறுப்பாக ஒரு கல், உள்ளே அதே சுருள். சாளக்கிராமம், நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைப்பது, சாட்சாத் விஷ்ணு என்றான். அதுவும் அம்மோனைட்தான். "எங்க ஊர்ல இதை எறிஞ்சுதாண்டா ஆட்டைத் திருப்புவோம்" என்றேன். அவன் சிரித்தான். அவன் பாட்டி சிரிக்கவில்லை. "கிட்டப் போகாதேப்பா" என்றாள், ரொம்ப மரியாதையாக.

ராமானுசரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் மந்திரம் சொன்ன கதை ஊர் உலகத்துக்குத் தெரியும். அவருடைய ஸ்ரீபாஷ்யத்தில் இருப்பதை யாரும் பேசுவதில்லை. பானை, குயவன் மாதிரியான யுக்தியால் கடவுளை நிரூபிக்க முடியாது என்று அவரே விலாவாரியாக வாதாடுகிறார். கடவுளை அறிய சாத்திரம் ஒன்றுதான் வழியாம். சரி. அதே பாஷ்யத்தில் கொஞ்சம் தள்ளி, சூத்திரனுக்கு வேத வித்தையில் அதிகாரம் கிடையாது என்கிறார். சங்கரரும் அதையே சொல்கிறார். சூத்திரனுக்கே அப்படி என்றால் நமக்கு? கடவுளுக்கு இருக்கிற ஒரே சாட்சியை உனக்குக் காட்டமாட்டேன், ஆனாலும் நம்பு. எந்தக் கோர்ட்டில் இது செல்லும்?

சரி, கடவுள் இல்லை என்றால் விடிந்துவிடுமா? மீமாம்சகர்களைப் பாருங்கள். உலகத்தைப் படைத்த ஈசுவரன் என்று ஒருவன் கிடையாது என்று குமாரிலபட்டர் பக்கம் பக்கமாக நிறுவினார். அவரே வேதத்துக்கும் வருணத்துக்கும் முதல் காவலர். இதைப் படித்தபோது எனக்கு எங்க ஊர் டீக்கடை ஞாபகம் வந்தது. கறுப்புச் சட்டை போட்டவர் கடை. சாமி படம் ஒன்றுகூட இருக்காது. எங்களுக்குத் தனி கிளாஸ் இருந்தது. பெரியார் சொன்னது அதுவல்ல என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

அம்பேத்கர் கடவுள் மறுப்பை மட்டும் தனியாகத் தூக்கிப் பிடிக்கவில்லை. 1930இல் நாசிக் காலாராம் கோயில் முன்னால் சத்தியாகிரகம் தொடங்கினார். பிறகு அதை நிறுத்தியபோது, நம்ம ஜனம் சிலை கும்பிட வேண்டும் என்பதற்காக இதை நடத்தவில்லை என்று தோழருக்கு எழுதினார். அவர் இறந்த மறுவருசம், 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் கடவுள் நம்பிக்கைக்கு எதிரான வாதங்களை வரிசையாக வைக்கிறார். யாரும் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் ஈசுவரனே செய்தால் மனுசன் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் அவர் வந்து நிற்கிற இடம், மனுசன் மனுசனிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பது. டீக்கடைக்காரர் மாட்டிக்கொள்கிற இடமும் அதுதான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். இவ்வளவு துயரம் இருக்கிறதே, ஆகவே கடவுள் இல்லை என்பது தத்துவக்காரர்கள் வழக்கு. எங்கம்மா வழக்கு வேறு. இவ்வளவு துயரம் இருக்கிறதே, கூண்டில் ஏற்ற ஒரு ஆள் வேண்டும். "நீ வீரனோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க. ஆஸ்பத்திரி கட்டாதவன், ரோடு போடாதவன் எல்லாம் தப்பிச்சுக்கிறான்" என்றேன்.

"அவனுங்ககிட்ட சண்டை போட்டா அடிப்பானுங்க தம்பி. இவன் திருப்பி அடிக்கமாட்டான்ல."

அடிப்பார்கள் என்பது அவளுக்குக் கேள்வி ஞானமல்ல. 1998இல் எங்கப்பா இனித் தப்படிக்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சாமி உண்டா இல்லையா என்று அவர் ஒருநாளும் பேசியதில்லை. தப்பைப் பரணில் போட்டார், அவ்வளவுதான். ஊர்க்கட்டுப்பாடு என்றார்கள். அந்தப் பருத்திக்கு எங்க தெருவில் ஒருத்தரையும் எடுக்கக் கூப்பிடவில்லை. இருட்டில் அப்பாவை வழிமறித்து அடித்தார்கள். அப்போதும் தப்பு பரணிலிருந்து இறங்கவில்லை. அவர் சாகும்வரை இறங்கவில்லை.

அந்தச் சேவல் விசயத்தைச் சொல்லவில்லையே. தங்கச்சி பிழைத்தால் தருவதாக நேர்ந்த சேவலை அம்மா இன்றுவரை வீரனுக்குக் கொடுக்கவில்லை. வருசாவருசம் ஆடி மாசம் ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு போவாள். முகத்துக்கு நேரே காட்டுவாள். "பாத்துக்க" என்பாள். ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள். அப்புறம் சேவலை வீட்டுக்குக் கொண்டுவந்து அறுத்துக் குழம்பு வைத்து எங்களுக்குப் போடுவாள். இந்தப் பூசைக்கு எந்த சாத்திரத்திலும் பேர் கிடையாது.

போன ஆடியிலும் போனாள். முட்டிவலி, நடக்க முடியவில்லை. போகும்போதும் வரும்போதும் சேவலை நான்தான் தூக்கிக்கொண்டேன்.