சத்தோ றூஜில் வாக்ஸ் துணி வாங்கப் போனால்

லாச்சப்பலுக்கு அரிசி, மிளகாய்த்தூள் வாங்க வருகிற எம்மவர்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு நேரே மெற்றோ ஏறி விடுகிறார்கள். ஒருநாள் வெறுங்கையோடு வந்து, மார்க்ஸ் டோர்மோய் வீதியால் மேலே நடவுங்கள். டூடோவில் வீதியில் இடப்பக்கம் திரும்பி, றெயில் பாதைக்கு மேலான பாலத்தைக் கடந்தால் சத்தோ றூஜ். கால்நடை முடியாதவர்களுக்கு, கார் து நோரிலிருந்து 4ஆம் இலக்க மெற்றோவில் இரண்டாவது தரிப்பு. தெஜான் வீதியின் மீனும் மரவள்ளியும் பலருக்குத் தெரியும். நான் எழுத வந்தது அங்குள்ள துணிக்கடைகளைப் பற்றி.

கண்ணைப் பறிக்கும் நிறங்களில் அடுக்கியிருக்கும் அந்தத் துணிக்கு வாக்ஸ் என்று பெயர். ஆறு யார் ஒரு கட்டு, கிட்டத்தட்ட எங்கள் சேலையின் நீளம். வேலைத்தலத்து ஆபிரிக்க நண்பர் வீட்டில் கலியாணமோ ஞானஸ்நானமோ வந்தால் இதைவிட நல்ல பரிசு இல்லை. ஆனால் ஒல்லாந்துத் துணிக்கும் மலிவுப் பிரதிக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். பிரதியை அசல் விலைக்கு வாங்கினால் எங்கள் சம்பளத்தில் அது சின்ன நட்டமல்ல. கொடுத்த வீட்டிலும் பெண்கள் தொட்டவுடனே கண்டுபிடித்து விடுவார்கள். என்னோடு பொதி கட்டுகிற தோகோ நாட்டு அக்கா ஒருவரிடம்தான் இந்த விஷயத்தைப் படித்தேன்.

பத்திக் எங்களுக்குப் புதிதல்ல. மெழுகு பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது, அவ்வளவுதான் சங்கதி. ஜாவாவின் பத்திக்கை இயந்திரத்தில் செய்து ஜாவாவிலேயே விற்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கணக்குப் போட்டார்கள். (1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட அதே ஒல்லாந்தர்தான்.) மெழுகுக்குப் பதிலாகப் பிசினைத் துணியின் இரு பக்கமும் அச்சடித்தார்கள். பிசின் வெடித்து, வெடிப்புக்குள் சாயம் இறங்கி நரம்பு நரம்பாகக் கோடு விழுந்தது. ஜாவாக்காரருக்கு அது பழுது. மேற்கு ஆபிரிக்கக் கரையோரத்தில் அதுவே வடிவு என்று கொண்டாடினார்கள். ஹெல்மொண்ட் நகரில் 1846இல் தொடங்கிய விலிஸ்கோ இதில் பேர் பெற்றது. ஆக, அசல் ஆபிரிக்கத் துணி என்று நாங்கள் தேடுவது, ஜாவாவின் வேலையைப் பார்த்து ஒல்லாந்தில் செய்தது!

அதனால் அதை ஆபிரிக்கத் துணி அல்ல என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். தோகோவின் லோமே சந்தையில் இதை மொத்தமாக விற்ற பெண்கள் பென்ஸ் காரில் திரிந்ததால் நானா பென்ஸ் என்று பெயர் பெற்றார்கள். அந்தக் கரைப் பெண்கள்தான் டிசைன்களுக்குப் பெயர் வைத்தவர்கள். கூண்டும் பறவையும் போட்ட ஒன்றுக்கு "நீ வெளியே போனால் நானும் போவேன்" என்று பெயர். புருஷன்மாருக்கு அது எச்சரிக்கை. 1994 ஜனவரியில் அந்நாட்டு நாணயத்தின் பெறுமதி பிராங்குக்கு எதிரே பாதியானது. ஒல்லாந்துத் துணி கைக்கெட்டாமல் போக, பின்னர் சீனத்து மலிவுத் துணி சந்தையைப் பிடித்தது.

கடையில் முதலில் துணியைப் புறம் திருப்புங்கள். அசலில் இரு பக்கமும் ஒரே அழுத்தமாக நிறம் இருக்கும். புறம் வெளிறியிருந்தால் அது ஒரு பக்கம் அச்சடித்த சாதாரண சீத்தை. ஆனால் நல்ல பிரதிகள் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அப்போது வெடிப்புக் கோட்டைப் பாருங்கள். ஒரே பூ துணியில் திரும்பத் திரும்ப வரும். இரண்டு பூக்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிசின் தானாக வெடித்ததென்றால் ஒன்றைப்போல் மற்றது இராது. இரண்டிலும் அதே கோடு அதே இடத்தில் ஓடினால் அது வரைந்து அச்சடித்த வெடிப்பு. நிறம் கோட்டை விட்டு ஒரு மயிரளவு விலகியிருந்தால் பழுதென்று ஒதுக்க வேண்டாம், அசலில் அது வரும்.

கரையோரத்து எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். எழுத்தையும் அச்சடிக்கலாம்தானே. எழுத்துப் பிழை இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மொடமொடப்பும் கஞ்சியாக இருக்கலாம், ஒரு கழுவலில் போய்விடும். வீட்டில் ஒரு நூலை இழுத்துக் கொளுத்தினால் பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

ஒல்லாந்தில் செய்யாததெல்லாம் போலி என்றும் நினைக்க வேண்டாம். அபிஜானின் யூனிவாக்ஸ், கானாவின் ஜி.ரி.பி. இரண்டும் நல்ல வாக்ஸ் துணிகள். சீனத் துணியும் தன் சொந்தப் பெயரில், தன் விலையில் வந்தால் பிள்ளைக்குச் சட்டை தைக்கக் காணும். அடுத்தவன் பெயரைக் கரையில் போடுவதுதான் களவு.

சனிக்கிழமை பின்னேரம் போகாதீர்கள். சன நெரிசலில் துணியை விரித்துப் பார்க்க முடியாது.