பட்டமும் களைக்கொட்டும்

எங்கள் பள்ளியின் முகப்பிலே ஒரு புல்தரை. பழைய பெயரைச் சொல்கிறேனே தவிர, நான் பணியேற்ற நாளில் அங்கே புல்லைத் தேடித்தான் காணவேண்டும்! இடுப்பளவு பார்த்தீனியம், இடையிடையே நெருஞ்சி, எஞ்சிய இடமெல்லாம் கோரை. கொடிக்கம்பத்தருகே மட்டும் கொஞ்சம் அருகு, நாடிழந்த குடிகள்போல் ஒதுங்கிக் கிடந்தது.

பிள்ளைகள் அமர்ந்து படிக்க இடமில்லையே என்று ஆசிரியர் அறையிலே ஏங்கினேன். மூத்த நண்பர் ஒருவர் எளிதாக முடித்துவிட்டார்: "பிந்தி வரும் பையன்களைக் களை பிடுங்கச் சொல்லுங்கள். தரையும் திருந்தும், பயலும் திருந்துவான்!"

எல்லோரும் சிரித்தனர். நானுந்தான் சிரித்தேன். சிரித்துவிட்டு வகுப்புக்கு நடக்கையிலே நெஞ்சு சுட்டது. பிறர் வயலிலே, குனிந்த முதுகு நிமிராமல் களை பறித்த கூலியிலேதான் என் தாய் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினாள். அவள் ஆயுளெல்லாம் செய்த தொழில், என் பள்ளியிலே தண்டனையா? தவறு செய்தவனுக்குத் தருவது உழைப்பென்றால், தவறே செய்யாத அவளுக்கு அதை விதித்தவர் யார்? கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. இளங்கலைப் பட்டம் வாயை அடைத்துவிட்டது!

சனிக்கிழமை நானே இறங்கினேன், வெளிக்கதவைச் சாத்திக்கொண்டு! பார்த்தீனியம் தோலை அரிக்கும். ஆகவே கையுறை மாட்டி, பூக்குமுன்னே வேரோடு பறித்தேன். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950களில் புனேயிலே கண்டறியப்பட்டு, நாடெங்கும் பரவிய செடி அது. கோரையையோ மண்வெட்டியால் சீவி எறிந்தேன். பத்தே நாளில் முன்னிலும் செழிப்பாக எழுந்து நின்றது.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள்.

"தலையைச் சீவினா கோரை சாகுமாடா? கிழங்கு உள்ளே இருக்கே! இழுத்தாலும் அறுந்து அடியிலேயே நின்னுடும். ஈரத்துல, கொட்டால தோண்டி எடு."

அவளுடைய களைக்கொட்டைக் காகிதத்தில் சுற்றித்தான் பேருந்திலே கொண்டுவந்தேன். என் வெட்கத்துக்கும் கிழங்கு இருந்தது போலும்!

மறு சனிக்கிழமை கதவைத் திறந்துவைத்தே குந்தினேன். தெருவில் விளையாடிய மாணவர் சிலர் ஓடிவந்தனர். "ஐயா, நீங்களா?" என்றான் ஒருவன். "வேறு யார் செய்வாரென்று நினைத்தாய்?" என்றேன். விடை சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்தான். வகுப்பிலே வாய் திறவாத மாணவி ஒருத்தி, சங்கிலிபோல் தொடர்ந்த கிழங்குகளை அறாமல் முழுதாக எடுத்தாள். எப்படியென்று கேட்டேன், காட்டினாள். அன்று நான் மாணவன்.

அவ்வழியே வந்த மூத்த நண்பர் நின்று பார்த்தார். "இது என் தாயின் தொழில், ஐயா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிந்தி வந்தவரைக் களைக்கு அனுப்பும் பேச்சும் பிறகு எழவில்லை.

ஐப்பசி மழைக்கு முன், கணுவுள்ள அருகந்தண்டுகளைச் சாண் இடைவெளியில் ஊன்றினோம். தைக்குள் அவை கைகோத்துக்கொண்டன. வேப்பமர நிழலில் மட்டும் அருகு பிடிக்கவில்லை; அதற்கு வெயில் வேண்டும். அங்கே மண்ணை மண்ணாகவே விட்டுவிட்டோம்.

நேற்றுக் காலையும் ஏழு கோரை தலைநீட்டியிருந்தன. ஆறைத் தோண்டினேன். ஏழாவதற்குள் மணி அடித்துவிட்டது.