நரம்பா, நாளமா?

முகம் கோணினால் முகவாதம் என்று பெயரிட்டு அமைவது நம்மவர் வழக்கம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் அந்த முகவாதம் ஓரிரு நாட்களில் திடுமென வந்து, சில வாரங்களில் தெளியத் தொடங்குவது. மாதக் கணக்கில் மெல்ல மெல்ல முகம் சோருமாயின், காரணத்தைத் தேடியே தீரவேண்டும்.

எங்கள் அக்காளுக்கு முதலில் இடக்கண் இமை துடித்தது. பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நன்மை என்று ஊரிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் மகிழ்ந்தார். நன்மை வரவில்லை, வாய்தான் ஒருபுறம் இழுத்துக்கொண்டது.

தில்லியில் முதலில் கண்ட மருத்துவர், எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படித்துவிட்டு, "முக நரம்பின் உறையில் எழுந்த ஷ்வானோமா என்னும் கட்டி, புற்றன்று. இப்போது தொடவேண்டாம்" என்றார். அந்த அறிவுரையில் நியாயம் உண்டு. அக்கட்டியை அகற்றுங்கால் பெரும்பாலும் நரம்பையே அறுக்க நேரும். வேறிடத்து நரம்பை எடுத்து ஒட்டினாலும் முகம் பழைய நிலையை முற்றும் எய்துவதில்லை. ஆதலால் முகம் ஓரளவு அசையும்வரை காத்திருப்பதே முறை.

ஆனால் அது நரம்புக் கட்டியாக இருந்தால் அல்லவா!

இரண்டாவதாகக் கண்ட மருத்துவ அம்மையார் அறிக்கையை ஒதுக்கிவிட்டுப் படங்களையே நெடுநேரம் நோக்கினார். கட்டியோ பயறளவு, அதற்கு இத்தனை சோர்வு மிகை என்றார். மெல்லிய வெட்டுக்களாகச் சி.டி. எடுக்கச் செய்தார். முக நரம்பு செவியெலும்பினுள் மிகக் குறுகிய கால்வாய் வழியே செல்வது. அது முழங்கால்போல் மடங்கும் இடத்தில், எலும்பு தேனடைபோல் துளைபட்டுத் தோன்றியது. நரம்புக் கட்டியாயின் கால்வாயை வழவழப்பாக விரித்திருக்கும். இது சிரை நாளங்களின் அமைப்புக் கோளாறு.

பெயரிலும் குழப்பம் உண்டு. இதனை நெடுங்காலம் ஹெமாஞ்சியோமா என்றே எழுதிவந்தனர். உயிரணுக்கள் பெருகி வளரும் இரத்தக் கட்டிகள் வேறு, உருவாகும்போதே பிழைபட்ட நாளங்கள் வேறு என்று 1982-இல் மல்லிகன், குளோவாக்கி என்னும் இருவர் வகுத்தனர். பழைய பெயர் இன்னும் பல அறிக்கைகளில் உலவுகிறது.

பெயர் எதுவாயினும், எங்கள் முடிவு தலைகீழாயிற்று. இந்த நாளக் கொத்து நரம்பின் புறத்தே தோன்றுவது. சிறிதாயிருக்கையில் நரம்பை அறுக்காமலே பிரித்தெடுக்க வாய்ப்பு உண்டு. காத்திருந்தால் நரம்பினுள் ஊடுருவவும் கூடும். அவ்வாண்டே அறுவை நடந்தது. நரம்பு தப்பியது, இமை மூடுகிறது, சிரிப்பு மட்டும் இடப்புறம் சற்றுத் தயங்குகிறது.

ஊர்விட்டு ஊர் மாறும் நம் குடும்பத்தினர், அறிக்கைத் தாளோடு நில்லாது, படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்வாராக. அடுத்த நகரத்து மருத்துவர் பார்க்கவேண்டியது அதையே.