ஐந்து மணிக்கே இருட்டும் தீவு

டிசம்பர் மாதத்தில் ஹேவ்லாக் தீவில் மாலை ஐந்து மணியைச் சுற்றியே சூரியன் கடலில் இறங்கிவிடுகிறது. கடிகாரத்தில் ஓடுவது சென்னை நேரம்தான். ஆனால் தீவு கிடப்பது சென்னைக்குக் கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். தனியாக வருபவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனத்தை ரசித்துவிட்டு எழுந்தால், படகுத்துறைக்குச் செல்லும் சாலையின் பெரும்பகுதி கும்மிருட்டு. வாடகை ஸ்கூட்டரின் விளக்கு எரிகிறதா என்று பகலிலேயே பார்த்து வைப்பவர்கள் பிழைத்தார்கள். ஆட்டோவில் போகிறவர்கள் திரும்பும் நேரத்தையும் சேர்த்தே பேசி முடித்துவிடுகிறார்கள்.

2018 முதல் இத்தீவின் அரசாங்கப் பெயர் சுவராஜ் தீவு. ஊர்ப் பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) அரசுப் படகில் சுமார் இரண்டரை மணி நேரம். தனியார் சொகுசுப் படகுகளும் உண்டு. ஆனால் மனிதர்களைச் சந்திக்க அரசுப் படகே மேல். காய்கறி மூட்டைகளோடு வியாபாரிகள், விடுப்பு முடிந்து திரும்பும் ஊழியர்கள், நடுவில் தமிழ்க் குரல் ஒன்றும் கேட்கும். கரை தெரிவதற்குள் எந்த விடுதி நல்லது, எந்தக் கடையில் மீன் புதியது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து 1950களில் குடியமர்த்தப்பட்ட வங்காளிகளின் வாரிசுகளே இங்கு பெரும்பான்மை. கோவிந்த் நகர் கடைத்தெருவில் இரண்டாம் நாளும் அதே டீக்கடையில் உட்காரும் பெண் கடைக்காரருக்கு 'தீதி' ஆகிவிடுகிறாள். "இன்றைக்கு எங்கே?" என்ற கேள்வி இலவசமாக வரும். அது வெறும் வம்பல்ல.

2010ல் இதே ராதாநகரை ஒட்டிய சிறு வளைகுடாவில் நீருக்கடியில் நீந்திக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண்ணை உவர்நீர் முதலை இழுத்துச் சென்றது. உடன் ஒருவர் இருந்ததால் நடந்தது வெளியே தெரிந்தது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கக் கூடாது என்பதையும், காவலர் இல்லாத கரையில் தனியே நீந்தக் கூடாது என்பதையும் அந்தச் சம்பவம் கற்பித்தது. சதுப்புநிலக் காடும் ஓடை முகத்துவாரமும் முதலையின் இடங்கள். அங்கே மனிதன்தான் விருந்தாளி.

சென்னையிலிருந்து கடலடியில் இழுத்த கண்ணாடி இழைக் கேபிள் 2020ல் வந்தபின் தொலைத்தொடர்பு எவ்வளவோ தேவலை. ஆனாலும் காட்டுப் பாதையில் செல்போன் மௌனமாகிவிடலாம். காற்று வலுத்தால் படகும் நின்றுவிடும். ஆகவே, திரும்பும் பயணத்துக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு நாளாவது கையிருப்பு வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

தனிமை தேடி வருபவர்கள் தீவில் செய்ய வேண்டிய முதல் காரியம், தனிமையைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. போகும் இடத்தை விடுதிக்காரரிடமோ டீக்கடையிலோ சொல்லிவிட்டுப் போனால் போதும். இருட்டிய பிறகும் 'தீதி' வரவில்லையென்றால், டார்ச் விளக்கோடு தேடிக் கிளம்ப ஒருவராவது இருப்பார்.