மேகம் சேராத குரல்

சேமிப்பு என்றால் என்ன என்பதை வடுகபட்டிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியகுளத்தை அடுத்த எங்கள் ஊர் பூண்டுச் சந்தைக்குப் பெயர் பெற்றது. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டும் இங்கு விற்பனைக்கு வருகிறது. வாங்கிய பூண்டை மூலையில் போட்டுவிட்டு வணிகர் எவரும் நிம்மதியாக உறங்குவதில்லை. காற்றோட்டமான இடத்தில் பரப்புவர். அவ்வப்போது கிளறிப் பார்ப்பர். சொத்தையைப் பொறுக்கி நீக்குவர். கண் படாத சரக்கு கெடும் என்பது சந்தையின் பாடம். அது கணினிக் கோப்புக்கும் பொருந்தும் என்பதை 2022ஆம் ஆண்டில் அறிந்தேன்.

என் அப்பத்தா பூண்டு மண்டியில் தரம் பிரிக்கும் வேலை செய்தவர். வேலைக் களைப்பு தெரியாதிருக்கப் பாடிய பாட்டுகளும், தாலாட்டுகளும், விடுகதைகளும் அவர் நினைவில் குவிந்து கிடந்தன. எழுத்தறியாத அவருக்கு நினைவே ஏடு. நான் வேலை நிமித்தம் கோயம்புத்தூரில் இருந்தேன். 2012இல் மேல்நிலைப் பள்ளியில் எனக்குக் கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினி ஊரில் அப்பாவிடம் இருந்தது. இரவு உணவுக்குப்பின் அப்பத்தாவைப் பாடவைத்து அதில் பதிவு செய்வார் அப்பா. மேகச் சேமிப்பு மென்பொருள் ஒன்று அப்பதிவுகளை இணையவழியே கொண்டுபோகும். வடுகபட்டியில் இரவு ஒலித்த குரலை மறுநாள் காலை பேருந்தில் அமர்ந்து கேட்பேன்.

ஒருநாள் முதல் புதிய பதிவு எதுவும் வரவில்லை. இரு வாரம் பொறுத்து அப்பாவைக் கேட்டேன்.

"தெனமும் பதிஞ்சுக்கிட்டுத்தானே தாயி இருக்கேன். பூராம் இங்கனதான் இருக்கு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஊருக்குச் சென்று பார்த்தபோது கோப்புகள் வரிசையாக இருந்தன. அவற்றின் ஓரத்தில் வழக்கமாகத் தெரியும் பச்சைக் குறி மட்டும் இல்லை. 'இந்த இயங்குதளத்தில் எங்கள் மென்பொருள் இனி இயங்காது' என்னும் அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்து போயிருக்கிறது. ஆங்கிலம் அறியாத அப்பாவுக்கு அது பொருளற்ற பெட்டிச் செய்தி. இதற்கிடையில் கணினியின் வன்தட்டு கடகடவென ஒலியெழுப்பத் தொடங்கியிருந்தது. ஒரே ஒரு படி. அதுவும் சாகும் தறுவாயிலிருந்த தட்டில். அப்பத்தாவோ நோயுற்றுப் பேச்சுக் குழறிப் படுக்கையில் கிடந்தார். மறுபடி பாடச் சொல்ல வழியில்லை.

மேகம் என்பது வானில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் இரவு பகலாக இயங்கும் கணினிகளின் தொகுப்பே அது. நம் கணினிக்கும் அதற்கும் இடையே கோப்பைச் சுமந்து செல்லும் மென்பொருள், இயங்குதளத்தின் தோளில் நின்றே வேலை செய்கிறது. கோப்பு மாறியதை அறிவதற்கும், மறையாக்கம் செய்து அனுப்புவதற்கும் அதன் துணை வேண்டும். இரு முனைகளும் ஒரே மறையாக்க முறையை அறிந்திருந்தால்தான் பேச்சு நடக்கும். 2008இல் வெளியான டிஎல்எஸ் 1.2 என்னும் பாதுகாப்பு நெறிமுறை, 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இயல்பாக இடம்பெறவில்லை. இவ்வாறே காலப்போக்கில் ஒரு முனை முதுமையடைகிறது.

இயங்குதளங்களுக்கும் ஆயுள் உண்டு. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும் முடிந்தன. அதன்பின் கணினி இயங்கும். ஆயினும் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைபடா. மேகச் சேமிப்பு நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விலகும். டிராப்பாக்ஸ் 2016இலும், கூகுள் டிரைவின் கணினி மென்பொருள் 2017 தொடக்கத்திலும் எக்ஸ்பியைக் கைவிட்டன. இதில் நியாயமும் உண்டு. 2017 மே மாதம் பரவிய வானாகிரை என்னும் தீநிரல், உரிய புதுப்பிப்பைப் பெறாத விண்டோஸ் கணினிகளைத் தாக்கி, சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பூட்டில்லாத வீட்டில் பொருளை வைக்கச் சொல்வது யாருக்கும் அழகன்று.

ஆயினும், ஒரு கேள்வி எஞ்சுகிறது. புதுக் கணினி வாங்க இயலாதவர் என்ன செய்வது? எங்கள் ஊரில் அக்காள் படித்த கணினியில் தம்பி படிக்கிறான். கடையில் கணக்கும் அதிலேயே. அத்தகையோருக்கு 'இனி இயங்காது' என்னும் செய்தியாவது அவர்கள் மொழியில் வரவேண்டும்.

அன்றிரவே பதிவுகளை வேறொரு தட்டுக்கு மாற்ற முனைந்தோம். மூன்று கோப்புகள் திறக்கவே இல்லை. அவற்றில் ஒன்று, தன் தாயிடம் கற்றதாக அப்பத்தா சொன்ன நடவுப் பாட்டு. அதை அறிந்தவர் எங்கள் வீட்டில் வேறு எவருமில்லை. மற்றவை பிழைத்தன.

மடிக்கணினியை நாங்கள் வீசிவிடவில்லை. அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோசோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. எங்கள் கணினியில் இருந்த பதிப்பும் பழையதாகிவிட்டதால், வன்தட்டை மாற்றி, விலையின்றிக் கிடைக்கும் லினக்சின் புதிய பதிப்பொன்றை நிறுவினேன். பத்தாண்டுக் கணினி மீண்டும் பாதுகாப்பாக இணையம் ஏறியது.

கணினித் துறையில் ஒரு விதி உண்டு: மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், ஒரு படி வேறு இடத்தில். ஒத்திசைவு மட்டும் காப்பாகாது. அது கண்ணாடி போன்றது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இவ்விதியின் உட்பொருள் நமக்குப் புதிதன்று. ஓலை நைந்துபோகும் என்பதை அறிந்தே நம் முன்னோர் சுவடிகளைப் படியெடுத்தனர். பல இடங்களில் பல படிகள் எஞ்சியதால்தான், உ.வே.சாமிநாதையர் அவற்றை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது. படியெடுக்கப்படாத நூல்கள் பெயரளவில் நின்றன.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கணினியும் ஒரு முதிய குரலும் இருக்கக்கூடும். அக்கணினியின் இயங்குதளம் எது, அதற்கு ஆதரவு இன்னும் உண்டா என்று பாருங்கள். பிறகு, மேகத்தில் இருப்பதாக நீங்கள் எண்ணும் கோப்பு ஒன்றை வேறொரு கருவியில் திறந்து, முழுவதும் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள்.